கப்பல் வந்தால் காசு கொட்டுமா?

கரீபியத் தீவான பார்படோஸின் தலைநகர் பிரிட்ஜ்டவுனில் ஒரு செல்போன் நிறுவனத்தில் ஒன்பது வருடம் ரோமிங் கணக்குப் பார்த்தவன் நான் என்று போன இதழில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. இந்தமுறை முழுக்க அதுவே.

கேள்வி: பார்படோஸில் இருப்பவர்களை விட அங்கே வந்து போகிறவர்கள் அதிகம் என்கிறார்கள். சொகுசுக் கப்பல்களிலும் கூட்டம் வந்து இறங்குகிறதாம். எல்லார் கையிலும் போன். அப்படியானால் கரீபியத் தீவுகளின் செல்போன் கம்பெனிகளுக்கு ரோமிங்கில் பணம் கொட்டுமே? (இதையே ப்ராஜெக்டாக எடுத்திருக்கும் எம்.பி.ஏ. வாசகர்)

கொட்டியது. இப்போது சொட்டுகிறது.

தலைக்கணக்கில் நீங்கள் சொல்வது சரிதான். பார்படோஸின் மக்கள்தொகை 2.8 லட்சத்தை ஒட்டி. 2019-இல் அங்கே வந்து தங்கியவர்கள் ஏறத்தாழ 7 லட்சம் பேர். அருபாவில் இன்னும் வேடிக்கை: ஊர்க்காரர்கள் 1.1 லட்சம், அந்த வருடம் வந்தவர்கள் சுமார் 11 லட்சம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் உங்களைப் போலத்தான் பெருக்கிப் பார்த்தேன். என் மேலதிகாரி சிரித்துவிட்டு, "வந்தவர்களை எண்ணாதே, போனை எடுத்துப் பேசினவர்களை எண்ணு" என்றார்.

பணம் எப்படி நகர்கிறது என்று சொல்கிறேன். சிகாகோக்காரர் ஒருவர் விமானம் விட்டு இறங்கிப் போனை ஆன் செய்கிறார். தீவின் டவர் அவருடைய சிம்மைப் பார்த்து, இது யார் வீட்டுப் பிள்ளை என்று அமெரிக்காவில் இருக்கும் அவர் கம்பெனியிடம் கேட்கிறது. "நம்ம பிள்ளைதான், விடுங்கள்" என்று பதில் வந்தால் சிக்னல் கிடைக்கும். பிறகு அவர் செலவழிக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஒவ்வொரு எம்பி டேட்டாவும் 'டேப்' என்ற ஃபைலில் பதிவாகி, இடைத்தரகு நிறுவனம் ஒன்றின் வழியாக அமெரிக்கா போகிறது. ஃபைலில் விலை டாலரிலோ பார்படோஸ் டாலரிலோ இருக்காது. எஸ்.டி.ஆர். என்ற சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகில் இருக்கும். அந்த நோட்டை யாரும் கையால் தொட்டதில்லை. மாதம் முடிந்ததும் இரண்டு கம்பெனிகளும் கழித்துக்கொள்ள வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்பும்.

ஆக, சிகாகோக்காரர் தன் கம்பெனிக்குக் கட்டுவது சில்லறை விலை. தீவுக்கு வருவது இரண்டு கம்பெனிகளும் பேசி வைத்த மொத்த விலை. அவர் ஒருநாள் ரோமிங் பேக் போட்டுவிட்டுக் கடற்கரையில் தூங்கினால் பேக் காசு முழுக்க அமெரிக்காவில் நின்றுவிடும். எங்களுக்குத் தூங்கின போனுக்கு என்ன வருமோ அது வரும். அதாவது ஒன்றுமில்லை.

அந்த மொத்த விலைதான் வருடாவருடம் இறங்கிக்கொண்டே போகிறது. 2013-இல் அமெரிக்காவின் டி-மொபைல், நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் மெதுவான வேகத்தில் டேட்டாவுக்குத் தனிக்கட்டணம் இல்லை என்று அறிவித்தது. வாடிக்கையாளரிடம் வாங்க முடியாததை நம்மிடம் எப்படித் தருவார்கள்? ஒப்பந்தம் புதுப்பிக்க உட்காரும்போதெல்லாம் அவர்கள் பேசும் தொனியே மாறிவிட்டது.

பேரம் பேச நமக்கு இடமும் குறைவு. ஆங்கிலம் பேசும் தீவுகள் பலவற்றில் டிஜிசெல், ஃப்ளோ என்று இரண்டு பெரிய கடைகள். அமெரிக்கக் கம்பெனி இருவரையும் கூப்பிட்டு யார் குறைத்துத் தருகிறீர்கள் என்று கேட்கும். குறைத்தவர் பக்கம் போன்களைத் திருப்பிவிடும். எப்படித் திருப்பும்? சிம்முக்குள்ளேயே எந்த நெட்வொர்க்கை முதலில் தேட வேண்டும் என்று ஒரு பட்டியல் உண்டு. அதையும் மீறி போன் நம் டவரைத் தட்டினால், நம் வழியாகப் போகும் பதிவை அங்கிருந்தே மறுத்துவிடுவார்கள். நாலு முறை மறுத்தால் போன் அலுத்துப்போய் அடுத்த டவரைத் தேடிப் போய்விடும். ஒரு மாதம் முதல் தேதி காலை வேலைக்கு வந்து உட்காருகிறேன், திரையில் அமெரிக்கப் போன்களின் கோடு மாடிப்படியிலிருந்து தவறி விழுந்தவன் மாதிரி நேராகக் கீழே கிடக்கிறது. டவரில் கோளாறு என்று நினைத்து இன்ஜினீயரை எழுப்பிவிட்டேன். கோளாறு ஒன்றுமில்லை. நள்ளிரவோடு எதிர்க்கடையின் புது விலை அமலுக்கு வந்திருந்தது.

சொகுசுக் கப்பலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். காலை ஏழு மணிக்குத் துறைமுக டவரின் கோடு சுவர் மாதிரி எழும். ஆயிரக்கணக்கில் போன்கள் பதிவாகும். புதிதாக வந்த மேலாளர்கள் அதைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். ஆனால் பாதிக்கு மேல் ஒரு எம்பி கூட எரிக்காது. சட்டைப்பையில் சும்மா கிடக்கும் போன்கள். எங்கள் பேச்சில் அதற்கு 'சைலன்ட் ரோமர்' என்று பெயர். அவர்கள் கப்பலில் வைஃபைக்குப் பணம் கட்டியாயிற்று, கரையில் காபிக் கடை வைஃபை இலவசம், சாயங்காலம் கப்பல் கிளம்பிவிடும். உண்மையில் துறைமுகத்தில் போனை விடாமல் பேசுகிறவர்கள் கப்பல் ஊழியர்கள். மணிலாவுக்கும் கோவாவுக்கும் வீடியோ கால் போட்டபடி சுவரோரம் குந்தியிருப்பார்கள். அவர்கள் கையில் இருப்பது உள்ளூர் சிம், ரோமிங் கணக்கில் வராது. நல்ல வாடிக்கையாளர்களைத் தப்பான ஏட்டில் தேடிக்கொண்டிருந்தோம் என்று எனக்கு அப்போதே தோன்றும்.

உங்கள் ப்ராஜெக்டுக்கு இரண்டு எச்சரிக்கை. சுற்றுலாப் பயணிகள் நிறைய வருகிறார்கள் என்று பார்த்து போர்ட்டோ ரிக்கோவையும் அமெரிக்க வர்ஜின் தீவுகளையும் சேர்த்துவிடாதீர்கள். அமெரிக்க சிம்முக்கு அவை உள்ளூர் மாதிரி. அப்புறம், சீசன் டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரைதான். அந்த நாலு மாதக் கூட்டத்துக்காகப் போட்ட டவர் செப்டம்பரில் உப்புக்காற்றில் துருப்பிடித்துக்கொண்டு புயலுக்குக் காத்திருக்கும். அந்தச் செலவையும் எழுதுங்கள்.

கேள்வி: ஜெர்மனி சிம்மோடு செயின்ட் மார்ட்டின் போனோம். ஐரோப்பிய ரோமிங் செல்லும் என்று படித்துவிட்டுத்தான் போனோம். ஆனாலும் பில் வந்தது. ஏமாற்றா?

ஏமாற்று இல்லை, பூகோளம். 87 சதுர கிலோமீட்டர் தீவு, வடக்கே பிரான்ஸ், தெற்கே நெதர்லாந்து அரசின் கீழ் உள்ள சின்ட் மார்ட்டன். பிரெஞ்சுப் பக்கம் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள். ஒன்றிய நாட்டு சிம்முக்கு உள்ளூர்க் கட்டணமே என்று 2017 ஜூன் 15 முதல் நடைமுறையில் உள்ள 'வீட்டில் போலவே ரோமிங்' விதி அங்கே செல்லும். டச்சுப் பக்கம் ஒன்றியத்துக்கு வெளியே, செல்லாது. எல்லையில் சோதனைச் சாவடி கிடையாது. டவர் அலைக்கு எல்லையே கிடையாது. இதில் கொடுமை என்னவென்றால் பெரிய விமானங்கள் இறங்கும் ஜூலியானா விமான நிலையம் இருப்பது டச்சுப் பக்கம். இறங்கியவுடன் "வந்து சேர்ந்துட்டோம்" என்று வீட்டுக்குப் போட்டோ அனுப்பியிருப்பீர்கள். பில்லில் முதல் வரி அதுவாகத்தான் இருக்கும், பாருங்கள். நெட்வொர்க் தேர்வை மேனுவலில் வைத்து, பிரெஞ்சுப் பக்கத்துத் தலைநகர் மாரிகோ போய்ச் சேர்ந்த பிறகு பிரெஞ்சு நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்திருந்தால் தப்பித்திருக்கலாம்.

ஐரோப்பிய விதி தீவுக் கம்பெனியின் வரவையும் கட்டிப்போடுகிறது. ஒரு ஜிபிக்கு வாங்கக்கூடிய மொத்த விலையின் உச்சவரம்பு 2017-இல் 7.70 யூரோ. 2027-இல் 1 யூரோ.

கேள்வி: 2024 டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டி பார்க்க பார்படோஸ் போனேன். பெரில் புயலில் மாட்டிக்கொண்டு கூடுதலாக நாலு நாள் இருக்க வேண்டியதாயிற்று. கையில் இருந்தது ஆன்லைனில் வாங்கிய, அட்டையில்லாத இ-சிம். அதில் அந்த ஊர்க் கம்பெனிக்கு ஏதாவது போயிருக்குமா?

கென்சிங்டன் ஓவலில் இருந்தீர்களா! அன்றைக்கு நான் டிவி முன்னால். பொறாமையை ஒதுக்கிவிட்டுப் பதில் சொல்கிறேன்.

போயிருக்கும், கொஞ்சம். பயணிகளுக்கு விற்கும் பெரும்பாலான இ-சிம், வேறு ஏதோ நாட்டுக் கம்பெனியின் சிம்தான். தீவைப் பொறுத்தவரை நீங்கள் இந்தியர் இல்லை, அந்த நாட்டு விருந்தாளி. நீங்கள் அனுப்பிய ஒவ்வொரு மெசேஜும் பெரும்பாலும் அந்த நாட்டுக்குப் போய்ச் சுற்றிக்கொண்டு வந்திருக்கும். வீடியோ திக்கித் திக்கி ஓடியதென்றால் புயல் மட்டும் காரணம் இல்லை. இ-சிம் விற்பவர் மொத்தமாக, அடிமாட்டு விலைக்கு டேட்டா வாங்கி வைத்திருப்பார். தீவுக்குக் கிடைப்பது அதில் ஒரு துண்டு. நீங்கள் பிரிட்ஜ்டவுன் கடையில் ஒரு ப்ரீபெய்டு சிம் வாங்கியிருந்தால் அவர்களுக்கு முழு சில்லறை விலை. அதை விமானம் ஏறுவதற்கு முன்பே உங்கள் போனில் விற்கத் தெரியாதது தீவுக் கம்பெனிகளின் குறை. இதை உள்ளே இருந்தபோதே சொன்னேன், கூட்டக் குறிப்பில் ஏறியது, அதோடு சரி.

கேள்வி: நான் செயின்ட் லூசியாவில் நர்ஸ். அக்கா பார்படோஸில். விமானத்தில் ஏறினால் ஒரு மணி நேரம்கூட இல்லை. இரண்டு இடத்திலும் அதே கம்பெனி, கடை வாசலில் அதே போர்டு. இறங்கினால் ரோமிங் என்கிறான். என்ன நியாயம்?

இந்தக் கட்டுக் கடிதங்களில் சரியான இடத்தில் கைவைத்தது நீங்கள்தான், அம்மா.

போர்டு ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு தீவிலும் தனி உரிமம், தனிக் கணக்கு. உங்கள் தீவும் டொமினிக்கா, கிரெனடா, செயின்ட் வின்சென்ட், செயின்ட் கிட்ஸ் ஆகியவையும் எக்டெல் என்ற பொது ஒழுங்குமுறை அமைப்பின் கீழ் வருகின்றன. அக்கா இருக்கும் பார்படோஸ் அதில் இல்லை. ஒரே முதலாளியின் இடது பாக்கெட்டிலிருந்து வலது பாக்கெட்டுக்குப் போகும் காசுக்குக் கட்டணம் வைத்து உங்களிடம் வாங்குகிறார்கள். ஐரோப்பாவில் உச்சவரம்பு போட ஒன்றியச் சட்டம் இருந்தது. காரிகாம் என்ற கரீபிய நாடுகளின் கூட்டமைப்புக்கு அந்த மாதிரிப் பிடி இல்லை, பேசித்தான் சம்மதிக்க வைக்க வேண்டும். 2022-இல் காரிகாம் தலைவர்கள் பேசி, டிஜிசெல்லும் ஃப்ளோவும் கட்டணத்தைக் குறைக்க உடன்பட்டன. பேக் வந்திருக்கிறது, நீங்களும் கேட்டுப் பாருங்கள். ஆனால் பேக் என்பது வேறு, வீட்டில் போலவே என்பது வேறு.

மேலே எம்.பி.ஏ. தம்பிக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ரோமிங்கில் இனி வளர இடம் இருப்பது அமெரிக்கக் கப்பலில் இல்லை, இந்த அம்மாவின் கைப்பையில். கார்னிவலுக்கு டிரினிடாட் போகிறவர்கள், சரக்கு எடுக்க வருகிற வியாபாரிகள், பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் எல்லாம் இறங்கியதும் முதல் வேலையாக டேட்டாவை ஆஃப் செய்கிறார்கள். அந்தப் போன்களை நான் திரையில் தினமும் பார்த்திருக்கிறேன். பதிவு இருக்கும், பயன்பாடு சுழியம். கட்டணம் உயர்வாக வைத்துச் சுழியத்தால் பெருக்குவது என்ன வியாபாரம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கேள்வி: நியூ ஜெர்சியிலிருந்து ஜமைக்காவுக்குப் பேசினேன். +1 என்றுதானே தொடங்குகிறது, உள்ளூர் இல்லையா?

இல்லை. வட அமெரிக்க எண் திட்டத்தில் கரீபியத் தீவுகள் பலவும் இருக்கின்றன, ஆனால் ஜமைக்காவின் 876 வெளிநாடுதான். பழைய போனின் பட்டன் எழுத்துகளைப் பார்த்தால் 473 கிரெனடாவின் முதல் மூன்று எழுத்து, 246-இல் பார்படோஸின் செல்லப்பெயரான 'பிம்' ஒளிந்திருக்கும். பில்லைக் குறைக்க உதவாது, சும்மா சொன்னேன்.

கேள்வி: அடுத்த மாதம் கப்பலில் கரீபியன் போகிறோம். போனை எப்போது ஆன் செய்யலாம்?

கப்பலுக்கென்று சாட்டிலைட் வழியாக ஓடும் தனி செல்போன் நெட்வொர்க் உண்டு. நடுக்கடலில்தான் ஓடும், கரையை நெருங்கியதும் அணைப்பார்கள். சாதாரண ரோமிங் பேக் அதற்குச் செல்லாது. அதனால் கப்பலைக் கரையில் கட்டி, திரையில் தீவுக் கம்பெனியின் பெயரைப் பார்த்த பிறகு ஆன் செய்யுங்கள். கிளம்பும்போது ஹார்ன் அடித்ததும் ஃப்ளைட் மோடுக்குப் போய்விடுங்கள். என் மச்சான் காலையில் சரியாகத்தான் ஆன் செய்தார். சாயங்காலம் டெக்கில் நின்று சூரியன் மறைவதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். போன் அந்தப் படங்களை ஒவ்வொன்றாக க்ளவுடில் ஏற்றிக்கொண்டே, தீவின் டவரை விட்டுக் கப்பல் டவருக்குத் தாவிவிட்டது.