நல்ல ஒலிப்பதிவுகள் இருக்கும்போது, வானொலியில் ஆர்கெஸ்ட்ரா கச்சேரியை எதற்காகக் கேட்க வேண்டும்?

கேட்டே ஆக வேண்டும் என்று ஒன்றும் இல்லை, பிடித்தால் கேட்கலாம். ஆனால் கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருக்கும் விளக்கத்தையும் பார்த்தேன். உலகத்தின் மிகச் சிறந்த குழுக்கள் பிசிறில்லாமல் பதிவு செய்த சிம்பொனிகள் கைபேசியிலேயே கிடைக்கின்றன, அப்படியிருக்க இருமல் சத்தமும் அறிவிப்பாளர் பேச்சும் கலந்துவரும் வானொலிக் கச்சேரிக்கு நேரம் ஒதுக்குவானேன், ஒதுக்குவதென்றால் எங்கே தொடங்குவது என்கிறீர்கள். நான் நெடுநாளாக இப்படிக் கேட்டு வருகிறவன். வாத்தியம் எதுவும் வாசிக்கத் தெரியாது, வெறும் ரசிகன்தான், அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முதல் காரணம், வானொலியில் தேர்வு என் கையில் இல்லை என்பது. பலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். செயலியில் புரூக்னரின் எட்டாவது சிம்பொனியைப் போட்டால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்: மொத்தம் சுமார் 80 நிமிடம், அதில் மெதுவாக நகரும் மூன்றாம் பகுதி மட்டுமே 25 நிமிடம் போல வரும், அது பாதி போவதற்குள் விரல் தானாகப் போய் வேறு எதையாவது தொட்டுவிடும். வானொலியில் தொட எதுவும் இல்லை. எழுந்து போனால் போனதுதான், திரும்பி வரும்போது அவர்கள் வேறு இடத்தில் இருப்பார்கள். இந்த ஒரு கட்டாயத்தால்தான் அந்த மூன்றாம் பகுதி எங்கே போய்ச் சேருகிறது என்பது எனக்குத் தெரியும். கிட்டத்தட்ட 20 நிமிடம் சேர்த்துவைத்த கனம் எல்லாம் ஒரே இடத்தில், சிம்பல் என்ற உலோகத் தட்டுகளின் மோதலோடு உடைகிறது. முன்னால் இருந்த காத்திருப்பு இல்லாமல் அந்த இடத்தை மட்டும் வெட்டிக் கேட்டால் அது வெறும் சத்தம். (இப்போது சில நிலையங்களின் செயலியில் நேரலையையே பின்னால் இழுத்துக் கேட்கலாம். அந்தப் பொத்தானைத் தொடாமல் இருப்பது நல்லது என்பேன்.)

நிகழ்ச்சியைக் கோர்ப்பவரும் வேறொருவர். வழக்கமான கச்சேரி ஒரு சின்ன முன்னிசை, பிறகு பியானோவோ வயலினோ தனித்து நிற்கும் கான்செர்ட்டோ, இடைவேளை, கடைசியில் பெரிய சிம்பொனி என்று போகும். தெரிந்த சிம்பொனிக்காகத்தான் உட்காருவீர்கள், ஆனால் அதற்கு முன்னால் போன மாதம் எழுதி முடித்த ஒரு படைப்பைப் பத்து நிமிடம் வாசித்துவிடுவார்கள். அதன் பெயரை நீங்கள் ஜென்மத்தில் தேடியிருக்க மாட்டீர்கள். பாதிக்கு மேல் எனக்குப் பிடிக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். பிடிப்பவை சில இருக்கின்றனவே, அவற்றை எந்தச் செயலியின் பரிந்துரையும் எனக்குக் காட்டியிருக்காது.

இதற்குப் பின்னால் ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஐரோப்பாவில் வானொலி நிறுவனங்கள் சொந்தமாகவே ஆர்கெஸ்ட்ரா வைத்திருக்கின்றன. டென்மார்க் வானொலியின் குழு 1925-லும், பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா 1930-லும், ஜெர்மனியின் மூனிக்கில் பவேரிய வானொலியின் குழு 1949-லும் தொடங்கியவை. அரங்கு நிறைந்தால்தான் சம்பளம் என்ற நெருக்கடி இவர்களுக்குக் குறைவு, அதனால் கூட்டம் வராத இசையையும் துணிந்து வாசிக்க முடிகிறது, புதிதாக எழுதச் சொல்லிக் காசும் கொடுக்க முடிகிறது. மூனிக்கில் 1945-ல், நாஜிகள் ஒதுக்கிவைத்திருந்த நவீன இசையை மறுபடி மேடையேற்ற இசையமைப்பாளர் கார்ல் அமதேயுஸ் ஹார்ட்மன் தொடங்கிய முசிக்கா விவா கச்சேரி வரிசை, பவேரிய வானொலியின் ஆதரவில்தான் இன்றுவரை ஓடுகிறது. போதாததற்கு, ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் வழியாக நிலையங்கள் கச்சேரிகளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. ஹெல்சிங்கியில் நடந்ததை லிஸ்பனிலிருந்து வரும் ஒலிபரப்பில் கேட்பது சாதாரணம்.

அடுத்தது நேரலை. இதுதான் பெரிய விஷயம். ஒலிப்பதிவில் என்ன நடக்கும் என்பது முன்பே முடிவானது, கச்சேரியில் அப்படி இல்லை. 1943 நவம்பர் 14 அன்று நியூயார்க்கின் கார்னகி ஹாலில் புருனோ வால்ட்டர் நடத்துநராக, அதாவது கையசைத்துக் குழுவை வழிநடத்துபவராக, நிற்க வேண்டிய கச்சேரி, அவருக்குக் காய்ச்சல், ஒத்திகைகூட இல்லாமல் 25 வயது உதவி நடத்துநர் ஒருவர் மேடையேறினார். சிபிஎஸ் வானொலி அதை அமெரிக்கா முழுவதும் ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. லெனர்ட் பெர்ன்ஸ்டைன் என்ற பெயர் அந்த ஒரே பிற்பகலில் நாட்டுக்குத் தெரிந்துபோனது.

இன்னொரு பதிவு இணையத்தில் கிடைக்கிறது, ஒருமுறையாவது கேளுங்கள். 1963 நவம்பர் 22, வெள்ளிக்கிழமை பிற்பகல், பாஸ்டன் சிம்பொனி ஹால். கச்சேரி வானொலியில் போய்க்கொண்டிருக்கிறது. நடத்துநர் எரிக் லைன்ஸ்டார்ஃப் அரங்கை நோக்கித் திரும்பி, அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதாகச் செய்தி வந்திருக்கிறது என்று சொல்கிறார். அரங்கம் மொத்தமும் ஒரே நேரத்தில் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்கிறது. பேத்தோவனின் மூன்றாவது சிம்பொனியிலிருந்து சவ ஊர்வல இசையை வாசிக்கப் போகிறோம் என்று அவர் தொடரும்போது இரண்டாவது முறையாக அதே சத்தம், இந்த முறை இன்னும் கனமாக, ஏனென்றால் அப்போதுதான் பலருக்குச் செய்தி உறைக்கிறது. பிறகு வாசிக்கிறார்கள். அதே சவ ஊர்வல இசையை இதைவிடச் சுத்தமாக வாசித்த பதிவுகள் எத்தனையோ உண்டு. அவை எதுவும் இதற்குப் பதிலாகாது. இத்தனைக்கும் அன்றைக்கு மைக் வைத்தவர்கள் சரித்திரத்தைப் பதிவு செய்ய வைக்கவில்லை, வழக்கமான வெள்ளிக்கிழமைக் கச்சேரிக்காக வைத்தார்கள்.

1968 ஆகஸ்ட் 21-ம் இப்படித்தான். சோவியத் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்த அதே நாள் மாலையில், லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் சோவியத் அரசு ஆர்கெஸ்ட்ராவின் கச்சேரி. நிகழ்ச்சிநிரலில் செக் நாட்டு இசையமைப்பாளர் ட்வோர்ஷாக்கின் செல்லோ கான்செர்ட்டோ, வாசிப்பவர் சோவியத் செல்லோ கலைஞர் ரோஸ்ட்ரோபோவிச். எல்லாம் முன்கூட்டியே முடிவானவை, யாரும் திட்டமிட்டு இப்படிப் பொருத்தவில்லை. அரங்குக்குள் எழுந்த எதிர்ப்புக் கூச்சல் ஒலிபரப்புப் பதிவிலேயே இருக்கிறது, அதற்கு நடுவில்தான் கச்சேரி நடக்கிறது. எல்லா நாளும் இப்படி நடக்காது, நடக்கவும் வேண்டாம். பெரும்பாலான நாட்களில் அதிகபட்சம் ஒரு ஹார்ன் கலைஞர் சுருதி பிசகுவார். ஆனால் அந்தப் பிசகுக்கு முன் அவருக்கு எடுக்கும் பயம் நமக்கும் தொற்றுகிறது, அது பதிவில் கிடைக்காது.

இருமல் பற்றி. எனக்கு இருமல் ஒரு தொல்லையாகத் தெரியவில்லை, அதனால்தான் அரங்கு எவ்வளவு பெரியது என்றே தெரிகிறது. கூட்டம் இருக்கிறது, கூரை இருக்கிறது, ஓசை எங்கோ போய்த் திரும்பி வருகிறது என்பதெல்லாம் வாசிப்பு தொடங்கும் முன்னாலேயே, ஓபோ என்ற குழல்வாத்தியம் கொடுக்கும் ஒரு சுருதிக்கு மற்றவர்கள் சேரும் அந்த அரை நிமிடத்தில் புரிந்துவிடும். இந்த எதிரொலி இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்று அறிய, நடத்துநர் டாஸ்கனினிக்காக 1937-ல் அமெரிக்காவின் என்பிசி வானொலி உருவாக்கிய ஆர்கெஸ்ட்ராவின் பழைய ஒலிபரப்புகளைக் கேட்கலாம். நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் சென்டரின் ஸ்டுடியோ 8எச்-லிருந்து வந்தவை. வாசிப்பில் நெருப்புப் பறக்கும், ஓசை மட்டும் வறவறவென்று இருக்கும். பின்னாளில் அந்தக் கச்சேரிகளைக் கார்னகி ஹாலுக்கு மாற்றினார்கள்.

கைதட்டலிலும் எனக்கு ஒரு சுவாரசியம் உண்டு. சைக்காவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனியில் மூன்றாம் பகுதி ஆர்ப்பாட்டமான அணிநடையாக முடியும், எல்லாம் முடிந்துவிட்டது என்று பாதி அரங்கம் தட்டிவிடும், அப்புறம்தான் அந்தத் துக்கமான கடைசிப் பகுதி வரும். தட்டியது அநாகரிகம் என்று கோபப்படுகிறவர்கள் உண்டு, நான் அந்தக் கட்சி இல்லை. அப்படி ஏமாறும்படிதான் அவர் எழுதியிருக்கிறார். சிபேலியஸின் ஐந்தாவது சிம்பொனியின் முடிவில் குழு முழுதும் சேர்ந்து கொடுக்கும் ஆறு அடிகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே நீண்ட நிசப்தம். அந்த இடைவெளியில் எவராவது தட்டிவிடுவாரோ என்று வீட்டில் உட்கார்ந்தபடி நாம் பதறுவது வானொலி தரும் தனி அனுபவம்.

நிசப்தம் வானொலிக்கு ஆபத்தும்கூட. ஒலி நின்றுபோனால் ஏதோ பழுது என்று எண்ணி, வைத்திருக்கும் மாற்று இசையைத் தானாக ஓட்டிவிடும் கருவி நிலையங்களில் உண்டு. 2004 ஜனவரியில் ஜான் கேஜின் 4 நிமிடம் 33 விநாடி மௌனப் படைப்பை பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா நேரலையில் வாசித்தபோது, அதாவது வாசிக்காமல் இருந்தபோது, பிபிசியின் செவ்வியல் இசை நிலையமான ரேடியோ 3 அந்தக் கருவியை அணைத்துவைக்க வேண்டியிருந்தது.

உண்மையான குறை எது என்றால் ஒலியின் ஏற்ற இறக்கம். அரங்கில் ஆர்கெஸ்ட்ராவின் மிக மெல்லிய ஓசைக்கும் உச்சத்துக்கும் உள்ள தூரம் அப்படியே காற்றில் போவதில்லை. மெல்லியதைத் தூக்கி, பெரியதை அமுக்கித்தான் அனுப்புவார்கள், ஏனென்றால் பாதிப் பேர் காரில் கேட்கிறார்கள். முன்பெல்லாம் ஒலிப் பொறியாளருக்குப் பக்கத்தில் ஒருவர் இசைக்குறிப்பைப் புரட்டிக்கொண்டு, பெரிய இடம் வருகிறது என்று முன்கூட்டியே சொல்வார், பொறியாளர் மெல்லக் குறைப்பார், கேட்பவருக்குத் தெரியாது. எல்லாவற்றையும் இயந்திரத்திடம் விட்டுவிட்ட நிலையங்களில் உச்சக்கட்டம் மேலே போகாமல் கூரையில் முட்டி நிற்பதைக் கேட்கலாம். எஃப்எம்மில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஓசையே வராது, ஆனால் நடுத்தர வயதைத் தாண்டியவர்கள் அதற்காகக் கவலைப்படத் தேவையில்லை. இணைய ஒலிபரப்பு இந்த விஷயத்தில் மேல், பிபிசி 2017-ல் ப்ராம்ஸ் என்ற லண்டன் கோடைக் கச்சேரி விழாவின் பருவத்தில் ரேடியோ 3-ஐத் துளியும் இழப்பில்லாத ஃப்ளாக் வடிவில் சோதனையாக அனுப்பியும் பார்த்தது. இணையத்தில் சில பத்து விநாடி தாமதம் இருக்கும், அது நமக்கு ஒரு பொருட்டில்லை.

அறிவிப்பாளர் பேச்சு? நல்ல அறிவிப்பாளர் மேடையில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார், நடத்துநர் கையில் கோல் இருக்கிறதா இல்லையா என்று நம் கண்ணாக இருப்பார். மோசமானவர் கடைசி ஓசை அடங்கும் முன்பே வாயைத் திறப்பார். இரண்டு வகையும் இருக்கிறார்கள்.

சரி, தொடங்குவது. லண்டன் ப்ராம்ஸ் 1895-ல் ஆரம்பித்தது, 1927 முதல் பிபிசி நடத்துகிறது, ஜூலை மத்தியிலிருந்து செப்டம்பர் மத்திவரை. எல்லாக் கச்சேரியும் ரேடியோ 3-ல் நேரலை. பாஸ்டன் சிம்பொனியின் பருவத்தில் சனிக்கிழமை இரவுக் கச்சேரியை அங்கே டபிள்யூசிஆர்பி என்ற நிலையம் அனுப்புகிறது. பிரான்ஸ் மியூசிக், பவேரியாவின் பிஆர் கிளாசிக் இரண்டிலும் நிறையக் கிடைக்கும், மொழி புரியாவிட்டாலும் இசையமைப்பாளர் பெயர்கள் புரியும். எந்த நிலையம் எந்த நாட்டில் திறக்கும் என்பது மாறிக்கொண்டே இருக்கிறது, ஆகவே ஒன்றை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்றைக் குறித்துவையுங்கள். நேரத்தை உங்கள் ஊர் நேரத்துக்கு மாற்றும்போது கவனம்: கோடைக் கடிகாரம் அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறும் மாறுகிறது, நடுவில் உள்ள நாட்களில் ஒரு மணி நேரம் தவறிக் கச்சேரியின் பாதியில் போய் நிற்பீர்கள்.

முதல் முறை ஒரு வாரத்து நிரலை எடுத்து, கேட்டுப் பழகிய ஒரே ஒரு படைப்பாவது இருக்கும் கச்சேரியைத் தேர்ந்தெடுங்கள், ட்வோர்ஷாக்கின் ஒன்பதாவது என்றால் மிக நல்லது, முக்கால் மணிக்குள் முடியும், எந்த இடத்திலும் தொலைந்துபோக மாட்டீர்கள். மாலரின் ஒன்பதாவதைப் பிறகு பார்க்கலாம், அதன் கடைசிப் பக்கம் அவ்வளவு மெல்லத் தேய்வதால் இணைப்பு போய்விட்டதோ என்று எழுந்து பார்ப்பீர்கள். ஹெட்ஃபோனைவிட அறையில் ஒலிபெருக்கி எனக்குப் பிடிக்கும், இது அவரவர் வசதி. ஒலி அளவை அறிவிப்பாளர் குரலை வைத்து அமைக்காதீர்கள், அவர் மைக்குக்கு ஒட்டி உட்கார்ந்திருப்பவர். முன்னே சொன்ன சுருதி சேர்க்கும் ஓசை தெளிவாகக் கேட்கும் அளவுக்கு வைத்துவிட்டு, பிறகு கையை எடுத்துவிடுங்கள். முக்கியமாக ரவேலின் பொலேரோ அன்றைய நிரலில் இருந்தால், தொடக்கத்தில் தாளம் பிடிக்கும் அந்தச் சிறு முரசு காதில் விழவில்லை என்று கூட்டிவைக்க வேண்டாம். கால் மணி நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.