நாப்தலீன் கெழு 45 வருவது ஏன்?

ஆக்டனால்-நீர் கெழு (நீரைவிட, ஆக்டனால் என்ற எண்ணெய் போன்ற திரவத்தில் ஒரு பொருள் எத்தனை மடங்கு செறிவாகத் தங்கும் என்பது) 2,000-ஐ ஹென்றி மாறிலி (நீரிலிருந்து காற்றுக்குப் போகும் போக்கின் அளவு) 44-ஆல் வகுத்தால், அந்துருண்டைப் பொருளான நாப்தலீனின் ஆக்டனால்-காற்றுக் கெழு (காற்றைவிட ஆக்டனாலில் எத்தனை மடங்கு என்பது) வெறும் 45 வருகிறதே என்று கேட்டிருந்தீர்கள். சூத்திரம் சரிதான், இடிப்பது அலகு. அந்த 44, பாஸ்கல் கன மீட்டர்/மோல் அலகில் உள்ளது. அதை அப்படியே போடக்கூடாது. வாயு மாறிலி 8.314-ஐ 298 கெல்வினால் பெருக்குங்கள், சுமார் 2,478 வரும். 44-ஐ அதனால் வகுத்தால் 0.0178, இதுதான் அலகில்லாத காற்று-நீர் கெழு. இப்போது 2,000-ஐ இதனால் வகுங்கள்: ஏறத்தாழ 1,12,000, மடக்கையில் 5.05. அளந்து கண்ட மதிப்புகளும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

அப்புறம், இது 25 டிகிரி செல்சியஸுக்கு மட்டும். குளிரக் குளிரக் கெழு வேகமாக ஏறும். அதாவது, ஆக்டனாலைப் போலவே இலையின் மெழுகிலும் மண்ணின் மக்கிலும் நாப்தலீன் கூடுதலாகத் தங்கும். குளிர்காலத் தரவோடு ஒப்பிடுவதானால் வெப்பநிலைத் திருத்தம் செய்யாமல் இந்த எண்ணைத் தயவுசெய்து தொடாதீர்கள்.