தோட்டத்தை அடகு வைக்காமல் மனநலத் துறைக்கு

போன வாரம் ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் படிப்பு ஆலோசனை கேட்டு வந்திருந்தது. அப்பா கையில் தோட்டத்துப் பத்திரத்தின் ஜெராக்ஸ். மகள் இரண்டு முறை நீட் எழுதியும் அரசு இடத்துக்கு மார்க் எட்டவில்லை. “சைக்கியாட்ரிஸ்ட் ஆகணும்ங்கிறா சார். மேனேஜ்மென்ட் கோட்டாவுல சேத்துடுங்கன்னு எங்க மச்சான் சொல்றாரு. தோட்டத்த வச்சா பணம் பொரட்டிடலாம்” என்றார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அன்றைக்கு ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லி அனுப்பினேன். அது போதாது. ஐயா, தோட்டத்தை அடகு வைக்காதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். எம்.பி.பி.எஸ். பயிற்சிக் காலத்தோடு சேர்த்து ஐந்தரை வருடம். அது முடிந்தாலும் உங்கள் மகள் மனநல மருத்துவர் ஆகிவிட மாட்டாள். முதுநிலைக்கு மறுபடி ஒரு நீட். அதில் மனநலப் பிரிவு கிடைத்தால் இன்னும் மூன்று வருடம் எம்.டி. அதையும் தனியாரில் படித்தால் அதற்கு வேறு பணம். உங்கள் மச்சான் முதல் பாதியை மட்டும்தான் சொல்லியிருக்கிறார். கடனைக் கட்டப்போவதும் அவர் இல்லை.

நீங்கள் வெளியே டீ குடிக்கப் போனபோது அவளிடம், “ஏம்மா சைக்கியாட்ரி?” என்று கேட்டேன். பைக்குள்ளிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்தாள். அவள் பெரியம்மாவுக்குப் பல வருடமாக பைபோலார் நோய், அதாவது மனம் அதீத உற்சாகத்துக்கும் கடும் சோர்வுக்கும் மாறிமாறிப் போகும் நோய். அதைச் சீராக வைக்க லித்தியம் மாத்திரை. எத்தனை மணி நேரம் தூங்கினார், மாத்திரை போட்டாரா, சாப்பிட்டாரா என்று தினமும் எழுதி வைத்திருக்கிறாள். ஏப்ரல் மாதப் பக்கத்தில் இரண்டு வரி: “மெடிக்கல்ல முட்டிவலி மாத்திரை வாங்கினாங்க, நாலு நாளா போடறாங்க.” அதற்குக் கீழே, “கை நடுங்குது. காபி டம்ளர் சிந்திடுச்சு.”

வாரா வாரம் பேசும் கவுன்சலர் அந்த நடுக்கத்தைப் பதற்றம் என்று நினைத்து மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்திருக்கிறார். டாக்டரைப் பார்ப்பதோ இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. அவருக்கு வலி மாத்திரை விஷயமே தெரியாது. இந்தப் பெண்தான் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். உடனே ரத்தத்தில் லித்தியம் அளவைப் பார்த்து, வலி மாத்திரையை நிறுத்தி, டோஸைச் சரிசெய்தாராம். சில வலி மாத்திரைகள் லித்தியத்தைச் சிறுநீரகம் வெளியேற்ற விடாமல் உடம்பிலேயே ஏற்றிவிடும். வெயிலில் நீர்ச்சத்து குறைந்தாலும் ஏறும். அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து.

“ரெண்டு பேரும் நல்லவங்கதான் சார். ஆனா ஒருத்தருக்கொருத்தர் ஒரு போன்கூடப் பேசிக்கல” என்றாள். மருந்து எழுதுகிறவரையும் பேசிச் சரிசெய்கிறவரையும் வீட்டையும் இணைக்கும் வேலை அது. சம்பளம் இல்லாமல் அதைத்தான் அவள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறாள்.

அந்த வேலைக்குப் பெயர் மனநல சமூகப் பணியாளர், ஆங்கிலத்தில் சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க்கர். சொந்தக்காரர்கள் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர் ஆகியோரோடு இவரையும் மனநல வல்லுநராக வைத்திருக்கிறது. உளவியல் படித்து உளவியலாளர் ஆகும் வழி இப்போது எல்லோருக்கும் தெரியும், அதை விடுகிறேன்.

காலையில் ஓ.பி.யில், அதாவது வெளிநோயாளிப் பிரிவில், புது நோயாளியின் குடும்பத்தோடு உட்கார்ந்து, நோய் எப்போது தொடங்கியது, வீட்டில் யார் சம்பாதிக்கிறார்கள், மாத்திரையை யார் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று விசாரித்து எழுதவேண்டும். அது மருத்துவரின் மேஜைக்கும் போகும், உளவியலாளரின் மேஜைக்கும் போகும். இரண்டு வாரமாகியும் குணம் தெரியவில்லை என்று மாத்திரையைத் தூக்கிப் போட்டவரின் வீட்டுக்குப் போய், மனச்சோர்வு மருந்து வேலை காட்டப் பல வாரம் ஆகலாம் என்று புரியவைக்கவேண்டும். குணமானவரைக் கூட்டிப்போக வராத அண்ணனிடம் பேசுவது, ஊனமுற்றோர் சான்றிதழுக்கு அலைவது, பழைய முதலாளியிடம் வேலை கேட்பது எல்லாம் இவர் தலையில்தான். குடும்பத்துக்கும் குழுவுக்கும் சிகிச்சை சார்ந்த ஆலோசனையும் நடத்துவார்.

வழி இதுதான். ஏதாவது ஒரு டிகிரி மூன்று வருடம். பிறகு எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுநிலைப் படிப்பு இரண்டு வருடம், மருத்துவம்–மனநலம் சிறப்புப் பிரிவில். 1952-இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் போன்ற கல்லூரிகளில் படிக்கலாம். அதன்மேல் மருத்துவமனையிலேயே இருந்து, மேற்பார்வையில் இரண்டு வருடம் முழுநேரப் பயிற்சி. பெங்களூரு நிம்ஹான்ஸ், ராஞ்சி சி.ஐ.பி. போன்ற பெரிய மனநல மருத்துவமனைகளில் இதுவரை எம்.ஃபில். என்ற பெயரில் அது நடந்துவந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. எம்.ஃபிலை நிறுத்திய பிறகு இந்தப் படிப்புக்கும் மருத்துவ உளவியலுக்கும் மட்டும் 2025–26 வரை அவகாசம் கொடுத்தது. அதனால் அவள் போய்ச் சேரும்போது படிப்பின் பெயர் வேறாக இருக்கலாம். சேருமுன் ஒன்றைக் கேளுங்கள்: இதை முடித்தால் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்ய முடியுமா? ஆறு மாத ஆன்லைன் கவுன்சலிங் டிப்ளமோ பக்கம் தலைவைத்தும் படுக்கவேண்டாம்.

சம்பளத்தையும் மறைக்கமாட்டேன். தொடக்கத்தில் டாக்டர் சம்பளத்துக்குப் பக்கத்தில்கூட வராது. மாவட்ட மனநலத் திட்டத்தில் கிடைக்கும் வேலைகள் பல ஒப்பந்த வேலைகள். அலைச்சல் உண்டு. ஆனால் ஐந்தாம் வருடம் எம்.எஸ்.டபிள்யூ. முடித்ததுமே தொண்டு நிறுவனங்களிலும் மறுவாழ்வு மையங்களிலும் சம்பாதிக்கத் தொடங்கலாம். தலையில் கடன் இருக்காது.

மூன்றாவது நீட் வேண்டுமா என்று அவளையே கேளுங்கள், மச்சான் இல்லாத நேரத்தில். அவள் வேண்டும் என்றால் ஒரே ஒரு வருடம், வீட்டிலிருந்தே படிக்கட்டும். வேண்டாம் என்றால் இந்த மாதமே டிகிரிக்கு விண்ணப்பம் போடுங்கள். எந்தப் பாடம் என்று முடிவெடுக்க வெள்ளிக்கிழமை அவளை மட்டும் அனுப்பிவையுங்கள். அந்த நோட்டையும் எடுத்துவரச் சொல்லுங்கள்.