அழுவது குற்றமில்லை, உதைப்பதுதான்!

கேள்வி: என் கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. அடுத்த மாதம் ஐந்து வயது மகனையும் ஒன்றரை வயது மகளையும் அழைத்துக்கொண்டு, திருச்சியிலிருந்து தனியாக விமானம் ஏறுகிறேன். மகன் ஒரு நிமிடம் ஓரிடத்தில் உட்காரமாட்டான். மகள் அழ ஆரம்பித்தால் ஊரே திரும்பிப் பார்க்கும். சளி மருந்து கொடுத்தால் இருவரும் தூங்கிவிடுவார்கள் என்கிறார் மாமியார். கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, பாபநாசம், தஞ்சை மாவட்டம்

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. தூக்கம் வரவழைக்கும் சளி மருந்து சில குழந்தைகளை நேர்மாறாக ஆட்டிவைக்கும். தூங்குவதற்குப் பதில் துள்ளுவார்கள். அப்படியே தூங்கினாலும், விமானம் இறங்கும்போது காதுவலி வந்து மாட்டிக்கொள்வீர்கள்.

விமானம் இறங்க இறங்க உள்ளே காற்றழுத்தம் கூடும். நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் குழந்தைகளுக்கு மிகக் குறுகல். அது திறக்காவிட்டால் செவிப்பறை உள்ளே இழுபட்டு வலிக்கும். விழுங்கும்போது அந்தக் குழாய் திறக்கும். தூங்குகிற குழந்தையோ அதிகம் விழுங்காது. அதனால் தரையிறங்க அரை மணி நேரம் இருக்கும்போதே இருவரையும் எழுப்பிவிடுங்கள். சின்னவளுக்குப் பால், பெரியவனுக்கு உறிஞ்சுகுழல் போட்ட தண்ணீர். கல்கண்டு, கடலை மிட்டாயெல்லாம் சின்னவள் கைக்கு எட்டக் கூடாது, தொண்டையில் சிக்கும். பாதுகாப்புச் சோதனையில் குழந்தையின் பாலைத் தூக்கிப்போட்டுவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம், பயணத்துக்குத் தேவையான அளவை அனுமதிப்பார்கள். புறப்படும் வாரத்தில் யாருக்காவது சளி பிடித்திருந்தால் மருத்துவரிடம் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் சின்னவள் அழுதால், அழட்டும். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அழுகைதான் பேச்சு. அதற்காக யாரிடமும் கூனிக் குறுக வேண்டாம். பக்கத்து இருக்கைக்காரர்களுக்கு முன்கூட்டியே மிட்டாய்ப் பொட்டலம் கொடுத்து மன்னிப்புக் கேட்கும் வழக்கம் ஒன்று கிளம்பியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

முன்இருக்கையை உதைப்பது வேறு விஷயம். அதை விடக் கூடாது. ஆனால் அதிலும் பாதிப் பழி இருக்கையின் மேல்தான். ஐந்து வயதுப் பையன் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் முழங்கால் இருக்கையின் விளிம்பைத் தாண்டாது. கால் நேராக நீண்டு, செருப்பின் அடிப்பாகம் முன்னால் இருப்பவரின் முதுகுக்கு நேரே போய் நிற்கும். அசைந்தாலே உதைதான். செருப்பைக் கழற்றிவிடுங்கள். விமானம் மேலேறிச் சீரானதும், துணி அடைத்த பை ஒன்றைக் காலடியில் வையுங்கள். பாதத்துக்குத் தரை கிடைத்துவிட்டால் உதைப்பது பெரும்பாலும் நின்றுவிடும்.

உட்காரும் பழக்கத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே! மகனைப் பாபநாசத்தில் ரயிலேற்றித் திருச்சி வரை ஒருமுறை கூட்டிப்போங்கள். தஞ்சாவூர் வரும்வரை எழுந்திருக்கக் கூடாது, வந்ததும் பெட்டியின் கடைசிவரை ஒரு நடை என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். விமானத்திலும் அதே கணக்குதான். பெல்ட் விளக்கு எரிந்தால் உட்கார வேண்டும், அணைந்தால் நடக்கலாம். விளக்கைப் பார்த்துச் சொல்லும் வேலையை அவனிடமே ஒப்படையுங்கள். தஞ்சாவூர் வரை உட்காராதவனை, ஏறக்குறைய நான்கு மணி நேரம் சிங்கப்பூர் வரை உட்காரச் சொல்வது நம் பேராசை.

இறங்கும்போது முண்டியடிக்காதீர்கள். பந்தியில் பக்கத்து இலைக்காரர் சாப்பிட்டு முடிக்கும்வரை எழக் கூடாது என்று அவனுக்குச் சொல்லித்தந்திருப்பீர்களே, அதையே இங்கேயும் சொல்லுங்கள். கூட்டம் வடிந்ததும், சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நிதானமாக இறங்கலாம்.