ஒன்பதாவது வரியில் இருந்த கோரிக்கை

அன்புள்ள ஐயா,

மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பதற்காக, எனக்கு முன்பு பாடம் நடத்திய பேராசிரியர் ஒருவரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று வாரங்களாகியும் பதில் இல்லை. மரியாதைக் குறைவாக எதையும் எழுதிவிடவில்லை என்றே நினைக்கிறேன். அனுப்பிய மடலைத் தங்கள் பார்வைக்கு இணைத்திருக்கிறேன். எங்கே தவறினேன்? மறுபடியும் எழுதினால் நச்சரிப்பதாக ஆகிவிடுமா? பெயரை வெளியிட வேண்டாம்.

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மடலில் மரியாதைக்குக் குறைவில்லை; சொல்லப்போனால் அதுதான் சற்றுக் கூடிவிட்டது. முதல் நான்கு வரிகளில் அவருடைய நலத்தை விசாரிக்கிறீர்கள், அடுத்த நான்கில் அவருடைய வகுப்புகளைப் புகழ்கிறீர்கள், ஒன்பதாவது வரியில்தான் "தாங்கள் மனது வைத்தால் என் மேற்படிப்பு விஷயமாக ஒரு சிறு உதவி செய்ய இயலுமா என்று அறிய விரும்புகிறேன்" என்று தொடங்குகிறீர்கள். அங்கேயும் என்ன உதவி என்பது வெளிவரவில்லை. பரிந்துரைக் கடிதம் என்ற சொல் கடைசிப் பத்தியில் இருக்கிறது. பொருள் என்ற இடத்தில் "வணக்கம் ஐயா" என்று மட்டும் இருக்கிறது.

அவர் பக்கத்திலிருந்து இதைப் பாருங்கள். இரண்டு வகுப்புகளுக்கு இடையில் கைப்பேசியைத் திறக்கிறார். அனுப்பியவர் பெயர், பொருள், மடலின் தொடக்கச் சொற்கள் சில, இவ்வளவுதான் பட்டியலில் தெரியும். "வணக்கம் ஐயா" என்ற வரி அவசரமானதாகவும் தோன்றாது, முக்கியமானதாகவும் தோன்றாது. மாலையில் பார்க்கலாம் என்று விடுகிறார். மாலைக்குள் அதன்மேல் இருபது மடல்கள் வந்து விழுந்துவிடுகின்றன. திறந்து படித்திருந்தாலும், எந்த ஆண்டு மாணவர், எந்தப் படிப்பு, எப்போதைக்குள் வேண்டும் என்பதையெல்லாம் அவரே உங்களிடம் திருப்பிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்திருக்கும். பதில் எழுதுவதற்கே உழைக்க வேண்டிய மடலை யாரும் தள்ளித்தான் வைப்பார்கள். நானும் அப்படித்தான் செய்கிறேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

நான் எழுதியிருந்தால் பொருள் வரியில் "பரிந்துரைக் கடிதம் வேண்டி – கடைசி நாள் மார்ச் 15" என்று இட்டிருப்பேன். மடல் இப்படிப் போயிருக்கும்:

"ஐயா, வணக்கம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தங்களிடம் புள்ளியியல் பயின்றேன். என் ஆய்வேட்டைத் தங்கள் வழிகாட்டலில் எழுதினேன். இப்போது முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்கிறேன். அதற்குத் தாங்கள் ஒரு பரிந்துரைக் கடிதம் தர இயலுமா? நான் தரவுகளைத் திரட்டியதையும் பிழை திருத்தியதையும் நேரில் பார்த்தவர் தாங்கள் என்பதால் தங்களிடம் கேட்கிறேன். மார்ச் 15க்குள் கடிதத்தைப் பதிவேற்ற வேண்டும். என் தன்விவரக் குறிப்பையும் ஆய்வேட்டின் சுருக்கத்தையும் இணைத்துள்ளேன். இயலாத நிலை இருந்தால் ஒரு வரி எழுதினால் போதும், வேறொருவரை அணுகிக்கொள்வேன்."

கடைசி வாக்கியத்தைப் பார்த்து நீங்கள் தயங்கக்கூடும். மறுப்பதற்கு நாமே வழி காட்டுவதா என்று. மறுக்கக் கூச்சப்படுகிறவர்கள்தான் பெரும்பாலும் மௌனமாக இருந்துவிடுகிறார்கள். மௌனத்தைவிட மறுப்பு உங்களுக்குப் பயன்படும், ஏனென்றால் அடுத்தவரைக் கேட்க நாள் மிஞ்சும்.

"என்பதால்" என்று வரும் காரணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எலன் லாங்கர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1978இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. நகல் எடுக்கும் இயந்திரத்துக்கு வந்தவர்களிடம், நான் முதலில் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்த்தார்கள். ஐந்து பக்கம்தான் என்றபோது, காரணமே சொல்லாமல் கேட்டவர்களுக்கு 60 சதவீதம் பேர் வழிவிட்டார்கள். அவசரம் என்று சொன்னபோது 94 சதவீதம். "நகல் எடுக்க வேண்டியிருக்கிறது" என்ற வெற்றுக் காரணத்துக்கே 93 சதவீதம் பேர் இணங்கினார்கள். இந்தப் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு, எதையாவது காரணமாகச் சொன்னால் போதும் என்று பலரும் அறிவுரை சொல்லிவிடுகிறார்கள். இருபது பக்கம் என்றபோது கதை மாறியது: காரணம் சொல்லாதவர்களுக்கு 24 சதவீதம், வெற்றுக் காரணத்துக்கும் அதே 24, உண்மையான அவசரத்துக்கு 42. பரிந்துரைக் கடிதம் எழுதுவது ஒருவருடைய ஒரு மாலைப்பொழுதை எடுத்துக்கொள்ளும் வேலை. அது இருபது பக்கக் கோரிக்கை. அதைச் "சிறு உதவி" என்று எழுதினால் அவருடைய உழைப்பை நீங்களே குறைத்து மதிப்பிட்டதாகிவிடும். மேலும், அவரிடம் ஏன் கேட்கிறீர்கள் என்பதற்கு நீங்கள் எழுதும் காரணம், அவர் கடிதத்தில் எழுதவேண்டிய செய்தியாகவும் ஆகிவிடுகிறது.

இணைப்புகளை முதலில் சேர்த்துவிட்டு, பெறுநர் முகவரியைக் கடைசியில் இடுங்கள். "இணைப்பைக் காண்க" என்று எழுதி எதையும் இணைக்காமல் ஒரே பதிப்பாசிரியருக்கு இரண்டு முறை அனுப்பியவன் சொல்கிறேன்.

மீண்டும் எழுதுவது நச்சரிப்பாகாது. மூன்று வாரம் போதுமான இடைவெளிதான். அதே மடலின் தொடர்ச்சியாக எழுதினால் பழைய பொருள் வரியே மறுபடியும் போய்ச் சேரும் என்பதால், இம்முறை புதிய மடலாகவே எழுதுங்கள். முன்பு எழுதியதை ஒரு வரியில் நினைவூட்டலாம். பதில் வரவில்லையே என்ற குறை வேண்டாம்.

மார்ச் 15 என்பது நானாக இட்டுக்கொண்ட தேதி. உண்மையான கடைசி நாள் எது என்று நீங்கள் எனக்கும் எழுதவில்லை. ஆகவே இன்றே அனுப்பிவிடுங்கள்.