தீயும் ஐஸும்: வாத்தியாரிடம் கேளுங்கள்

காரைக்குடிப் பக்கம் முப்பது வருடம் இயற்பியல் பாடம் எடுத்தவன் நான். ஐஸ், நெருப்பு பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லிவைத்தேன். வந்தவற்றில் சில.

பள்ளத்தூர், பத்தாம் வகுப்பு மாணவி: சார், மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே ஐஸ் கட்டியைப் பிடித்தால் உடனே சொட்டுகிறது. அதே தூரத்தில் பக்கவாட்டில் பிடித்தால் அவ்வளவாக உருகவில்லை. ஏன்?

சூடான காற்று லேசாகி நேரே மேலே ஏறுகிறதும்மா. மேலே இருக்கும் ஐஸுக்கு அந்தக் காற்றே வந்து முட்டுகிறது. பக்கவாட்டில் இருப்பதற்குக் கதிராக வரும் கொஞ்சச் சூடுதான். இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. மெழுகு எரியும்போது நீராவி உண்டாகும். அது ஐஸ் மேல் பட்டுத் தண்ணீராகும்போது கிராமுக்கு 500 கலோரிக்கு மேல் இறக்கிவைக்கிறது. ஆக, நீ பார்த்த சொட்டில் கொஞ்சம் ஐஸ் தந்தது, கொஞ்சம் மெழுகுவர்த்தியே தந்தது!

கண்டனூர்க்காரர், இப்போது கனடாவில்: வாசலில் கிடந்த பனியை உருண்டையாகப் பிடித்து லைட்டரைக் காட்டினேன். கறுத்தது, ஆனால் ஒரு சொட்டு விழவில்லை. இது பனியே இல்லை, பிளாஸ்டிக் என்கிறார் நண்பர்.

நண்பரிடம் ஒரு காபி பந்தயம் கட்டுங்கள். 2014-லேயே அமெரிக்காவில் இதே மாதிரி வீடியோ சுற்றியது. பனி உருண்டைக்குள் நிறையக் காற்றிடைவெளி உண்டு. உருகிய தண்ணீரைப் பஞ்சு மாதிரி அது உள்ளே இழுத்துக்கொள்ளும். கறுப்பு, லைட்டர் வாயு சரியாக எரியாமல் படிந்த கரி. உருண்டையை வாணலியில் போட்டு அடுப்பில் வையுங்கள், தெரிந்துவிடும்.

தேவகோட்டை, கல்யாணச் சமையல்காரர்: அண்ணே, ரோஸ்மில்க் போட வாங்கிய ஐஸ் பார் மிஞ்சியது. தண்ணீர் லாரி வரவில்லை. பித்தளை அண்டாவில் ஐஸைப் போட்டு அடுப்பில் ஏற்றினோம். விறகு கொழுந்துவிட்டு எரிந்தும், உருகிய தண்ணீர் ரொம்ப நேரம் சில்லென்றே இருந்தது. அவ்வளவு சூடும் எங்கே போனது?

ஐஸ் தின்றுவிட்டது அண்ணே. 0 டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் ஐஸ், அதே 0 டிகிரித் தண்ணீராக மாற 80 கலோரி கேட்கும். அந்தச் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுத்திருந்தால் 80 டிகிரிக்குப் போயிருக்கும், கை வைக்க முடியாது. தெர்மாமீட்டரில் தெரியாத இந்தச் சூட்டை 1760-களில் ஸ்காட்லாந்தில் அளந்து சொன்னவர் ஜோசப் பிளாக். பாடப்புத்தகத்தில் உள்ளுறை வெப்பம் என்று வரும். கடைசிக் கட்டி கரைகிறவரை, கிளறிவிட்டால் தண்ணீர் 0 டிகிரியை ஒட்டியேதான் நிற்கும்.

கணக்குப்படி ஒரு கிலோ ஐஸை உருக்கக் காய்ந்த விறகு 20–25 கிராம் போதும். நடப்பில் அப்படி வராது. திறந்த அடுப்பில் பெரும்பகுதிச் சூடு பந்தலுக்குத்தான் போகிறது.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். வெறும் அண்டாவில் ஐஸ் பாரை வைத்தால் அது அங்கங்கே நாலு இடத்தில்தான் ஒட்டும், மற்ற இடமெல்லாம் காற்று. தொடாத இடத்தில் அண்டா காய்ந்துபோகும். உள்ளே பூசியிருக்கும் வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். ஈயம் போன அண்டாவில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பேறிவிடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் முதலில் ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றி, அப்புறம் ஐஸை உடைத்துப் போடுங்கள். சீக்கிரமும் உருகும். மீன்கடை ஐஸ் என்றால் சமையலுக்கே வேண்டாம்.

கோட்டையூர் ஆச்சி ஒருவர்: பேரன் ஆத்தங்குடிக் கல் தரையில் ஒரு ஐஸ் கட்டி, தேக்குப் பலகையில் ஒன்று வைத்தான். தரையில் வைத்தது முதலில் கரைந்தது. தரைதானே குளிர்ச்சி?

ரெண்டும் ஒரே வெப்பநிலைதான் ஆச்சி. கல் சூட்டைத் தேக்கைவிடப் பல மடங்கு வேகமாகக் கடத்தும். உங்கள் காலிலிருந்து சூட்டை எடுப்பதால் சில்லென்று படுகிறது, ஐஸுக்குச் சூட்டைக் கொடுப்பதால் அது கரைகிறது.

காரைக்குடி, கல்லூரி மாணவர்: ஒரே பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவும் ஐஸ் உருகாமல் இருக்கவும் முடியுமா?

முடியும், வகுப்பில் வருடா வருடம் செய்திருக்கிறேன். சோதனைக்குழாயின் அடியில் ஐஸ் துண்டு, அது மிதந்து வராமல் மேலே ஒரு சுருட்டிய கம்பிவலை, அதற்கு மேல் தண்ணீர். குழாயைச் சாய்த்து, மேல் பகுதிக்கு மட்டும் ஸ்பிரிட் விளக்கைக் காட்ட வேண்டும். வாயருகே தண்ணீர் தளதளவென்று கொதிக்கும், அடியில் ஐஸ் கிடக்கும். செம்பு கடத்துவதில் 600-ல் ஒரு பங்குதான் தண்ணீர் கடத்தும். சூடான தண்ணீர் லேசு என்பதால் கீழே இறங்கியும் வராது. ஒருமுறை முன்பெஞ்சுப் பையன் அடியைத் தொட்டுவிட்டு, "சார், விளக்கு எரியுதா இல்லையா?" என்று கேட்டான்.

வலையை எடுத்துவிட்டு, ஐஸை மிதக்கவிட்டு, அடியில் விளக்கைக் காட்டிப் பாருங்கள். கொதி வருவதற்குள் ஐஸைக் காணோம்.