கனடாவில் மத்திய எம்பியாக இருந்தவர் மாகாண முதல்வராக முடியுமா?

தாராளமாக முடியும். திரும்பி மத்திய அரசியலுக்கும் வரலாம். பாப் ரே நல்ல உதாரணம்.

1978 இடைத்தேர்தலில் ஜெயித்து, புதிய ஜனநாயகக் கட்சி எம்பியாக ஒட்டாவா போனார். அடுத்த ஆண்டு டிசம்பரில் பிரதமர் ஜோ கிளார்க் அரசின் பட்ஜெட்டுக்கு எதிராக அவர் கொண்டுவந்த தீர்மானம் 139-133 என்று நிறைவேற, அரசே கவிழ்ந்தது. அப்போது அவருக்கு 31 வயது!

1982இல் ஒன்ராறியோ மாகாணத்தில் கட்சித் தலைவரானார். 1990இல் 130 இடங்களில் 74ஐப் பிடித்து முதல்வர். ஆனால் வந்த நேரம் கடும் பொருளாதார மந்தம். அரசு ஊழியர்களை வேலையை விட்டு அனுப்பாமல், சம்பளமில்லா விடுமுறை எடுக்க வைத்தார். அந்த நாட்களுக்கு ‘ரே நாட்கள்’ என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. வேலைகளைக் காப்பாற்றத்தான் செய்தார் என்பது என் எண்ணம். ஆனால் தோள்கொடுத்த தொழிற்சங்கங்களே கைவிட்டன. 1995இல் 17 இடங்கள்தான்.

அப்புறம் லிபரல் கட்சிக்கு மாறி, 2008இல் மீண்டும் எம்பி. 2011 முதல் 2013 வரை அதன் இடைக்காலத் தலைவர். 2009 ஜூனில் இலங்கை போனவரைக் கொழும்பு விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பினார்கள். ஈழத்தமிழர் பலருக்கு அவர் பெயர் நினைவிருப்பது அதனால்தான்.